அறுபத்தொரு மைக்ரான்

3 பிப்ரவரி 2003, திங்கள்

ரெஜினா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மருந்து கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வயிற்றெரிச்சல் மாத்திரைக்கு விளம்பரம். உங்களுக்குப் பொருத்தமான டைரி என்று சொல்லிக் கொடுத்தாள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும் அவளுடைய குத்தல் குறையவில்லை.

மே 31 அன்று எனக்கு ஓய்வு. அதற்குள் இந்த வானாய்வு நிலையத்தில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் பிளேட்டுகளையும் துடைத்து ஸ்கேன் செய்து முடிக்க வேண்டுமாம். கம்ப்யூட்டர் கேமரா வருவதற்கு முன்னால் டெலஸ்கோப்பில் வைத்து வானத்தைப் படம் பிடித்த கண்ணாடிகள் அவை. ஒரு பக்கம் மருந்து பூசியிருக்கும்; படம் அதில் இருக்கும். மறுபக்கம் வெறும் கண்ணாடி. அந்த வெறும் பக்கத்தில்தான், பிளேட்டில் நட்சத்திரங்களின் இடத்தை அளக்கும் என்னைப் போன்ற அளவைக்காரர்கள் மசிப் பேனாவால் அம்பு போடுவோம், வட்டம் போடுவோம், எண் எழுதுவோம். இப்போது அந்த மசியெல்லாம் ஸ்கேனரில் கறையாக விழுகிறது. ஆகவே ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். துடைப்பதற்கு முன் மசிக் குறிகளோடு ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். இந்த விதியைப் போட்டவர் டாக்டர் நப்பின்னை. வயது முப்பத்தொன்று. வெளிநாட்டில் படித்துவிட்டு, போன ஆவணியில்தான் இங்கே சேர்ந்தவர், இந்த வேலைக்கு எனக்கு மேலதிகாரி. பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்கிறார். எனக்கு வாய் வரவில்லை. மேடம் என்கிறேன்.

முப்பது வருஷமாக இங்கே அளவைக்காரன். என் கைக்கு இரண்டு, மூன்று மைக்ரானுக்கு மேல் பிசகாது; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். நான் அளந்து கொடுத்த எண்களை வைத்து நாற்பத்து நான்கு ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகியிருக்கின்றன. ஒன்றிலும் தலைப்புக்குக் கீழே என் பெயர் கிடையாது. பதினேழில் மட்டும் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். எண்ணி வைத்திருக்கிறேன்.

6 பிப்ரவரி, வியாழன்

எங்கள் நிலையத்து வாசல் வளைவில் ஒரு முத்திரை உண்டு. சாய்த்து வைத்த தோசை போல ஒரு கேலக்ஸி. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு நட்சத்திரப் புள்ளி. லெட்டர்பேடில், ஜீப்பின் கதவில், விருந்தினருக்குக் காபி கொடுக்கும் கோப்பையில்கூட அதுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் காலமான பழைய இயக்குநர் சேதுமாதவன் கண்டுபிடித்த ஜோடி.

வானத்தைப் படம் எடுத்தால் கிட்டத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பதும் ஒரே கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் விழும். பஸ் ஜன்னலில் உட்கார்ந்த ஈ தூரத்து மலை மேல் உட்கார்ந்தது போலத் தெரியும் இல்லையா, அது போல. ஆகவே இப்படி ஒரு ஜோடியைப் பார்த்தால் யாரும் முதலில் கேட்பது, இரண்டும் நிஜமாகவே பக்கத்தில் இருக்கின்றனவா, பார்வைக்கு மட்டும்தானா என்பது. சேதுமாதவன் நிஜம் என்றார். அந்தப் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு கோடுகூட இல்லாமல் வெறும் நீலமாக வந்தது. சாதாரண நட்சத்திரத்தின் ஒளியில் கோடுகள் இருக்கும். எனவே இது நட்சத்திரமே இல்லை, பத்துக் கோடி ஒளியாண்டு தூரத்தில் அந்தக் கேலக்ஸிக்குள்ளேயே எரிகிற ஏதோ அதிசயம் என்று எழுதினார். வெளியுலகம் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, மறந்துவிட்டது. நாங்கள் மட்டும் முத்திரையாக்கிக்கொண்டோம்.

இன்று நப்பின்னை மேடம் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, அந்தப் புள்ளி நகர்கிறதா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா எனக் கேட்டார். அவ்வளவு தூரத்தில் இருக்கிற பொருள் ஆயிரம் வருஷம் ஆனாலும் நம் கண்ணுக்கு இடம் மாறாது. நமக்குப் பக்கத்து நட்சத்திரம் என்றால் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பிளேட்டில் ஒரு முடியளவாவது நகர்ந்திருக்கும். நல்ல கேள்விதான். ரொம்ப நாள் முன்னாலேயே பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

12 பிப்ரவரி, புதன்

இன்று அந்த ஜோடியின் பிளேட்டுகள் கைக்கு வந்தன. 1974, 1979, 1986 என மூன்று. முதல் இரண்டையும் போட்டோ எடுத்துத் துடைத்தேன். மூன்றாவதுக்கு வரும்போது கேமராவில் பேட்டரி இறங்கிவிட்டது. புது பேட்டரிக்கு சின்னசேலம் போக வேண்டும். ஒரு பிளேட்டுக்காக மலையிறங்கி யார் போவது? துடைத்துவிட்டேன். அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. யாரோ ஏதோ கிறுக்கியிருந்தார்கள்.

மத்தியானம் கத்திரிக்காய்க் கூட்டு. உப்பே இல்லை. பாதியை அப்படியே வைத்துவிட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது என்று ரெஜினா சத்தியம் செய்கிறாள்.

13 பிப்ரவரி, வியாழன்

முப்பத்தாறு பிளேட். எல்லாவற்றுக்கும் போட்டோ எடுத்தாயிற்று.

24 பிப்ரவரி, திங்கள்

நப்பின்னை மேடம் போன வாரம் டெலஸ்கோப்பில் அந்த ஜோடியைப் புதிதாகப் படம் எடுத்திருந்தார். காலையில் என்னைக் கூப்பிட்டு அந்தப் படத்தையும் 1974 பிளேட்டின் ஸ்கேனையும் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினார். சுற்றியிருந்த நட்சத்திரங்கள் அசையவில்லை. கேலக்ஸி அசையவில்லை. அந்தப் புள்ளி மட்டும் மேற்கே குதித்தது, திரும்பி வந்தது, மறுபடி குதித்தது.

இருபத்தொன்பது வருஷத்தில் நூற்று நாற்பத்தாறு மைக்ரான், பிளேட்டின் கணக்கில் சொன்னால். இரண்டு தலைமுடியைச் சேர்த்து வைத்த அகலம். அந்தக் கேலக்ஸிக்குள் இருந்துகொண்டு இவ்வளவு நகர வேண்டும் என்றால் ஒளியைவிட நாற்பது மடங்கு வேகத்தில் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சிரித்தார். ஆக அது நமக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு சின்ன நட்சத்திரம். எரிந்து முடிந்து ஆறிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குள்ளன் வகையாக இருக்கும் என்கிறார். அந்த வகையில் சிலவற்றின் ஒளியில் கோடே இருக்காதாம். சேதுமாதவனின் அதிசயம் அவ்வளவுதான். கேலக்ஸிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் ஆச்சரியப்பட்டேன். நான் ஆச்சரியப்பட்டதை மேடம் பார்த்தார்.

5 மார்ச், புதன்

திருநீற்றுப் புதன். காலைப் பூசையில் வைத்த சாம்பல் நெற்றியில் இருக்கும்போதே மேடம் பழைய அளவைப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார். 14-3-1986 தேதியில் என் கையெழுத்து: '1974-க்கும் 1986-க்கும் இடையே வித்தியாசம் பிழையெல்லைக்குள். நகர்வு இல்லை.'

இன்றைய கணக்குப்படி அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அறுபது மைக்ரான் நகர்ந்திருக்க வேண்டுமே, உங்கள் கைக்கு அது எப்படித் தப்பியது என்று கேட்டார். குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அந்தச் சமயத்தில் அளவை மெஷினின் திருகு தேய்ந்திருந்தது என்றேன். அப்படியா என்று குறித்துக்கொண்டார். மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுப் பத்து வருஷம் ஆகிறது. பழி சுமக்க அதற்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

11 மார்ச், செவ்வாய்

கட்டுரை எழுதப் போகிறார். இரண்டே பேர்: நப்பின்னை, தனிஸ்லாஸ். "நீங்க காப்பாத்தி வெச்ச பிளேட் இல்லேன்னா இது இல்ல சார். நன்றின்னு அடியில போட எனக்கு மனசு வரல" என்றார்.

முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தார். தலைப்புக்குக் கீழே என் பெயர். வீட்டில் ரெஜினாவிடம் காட்டினேன். தவக்காலம் என்றும் பார்க்காமல் கேசரி கிண்டினாள். நாற்பத்து நான்கு கட்டுரைக்காரர்களும் இப்போது என் எதிரில் வந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

19 மார்ச், புதன்

முத்திரையை என்ன செய்வது என்று ஆராய இன்றைய இயக்குநர் ஏழு பேர் கொண்ட கமிட்டி போட்டிருக்கிறார். ஆயிரம் காபிக் கோப்பை மிச்சம் இருக்கிறதாம்.

2 ஏப்ரல், புதன்

மேடம் இன்று 1974, 1979 பிளேட்டுகளின் போட்டோவைப் பெரிதாக்கி வைத்திருந்தார். இரண்டிலும் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் மெல்லிய அம்பு. கீழே தமிழில் 'கு' என்று ஒரு கையெழுத்து. யார் இது என்றார். 1986 பிளேட்டின் போட்டோ மட்டும் ஏன் இல்லை என்றும் கேட்டார். பேட்டரி கதையைச் சொன்னேன்.

கு என்றால் குணசுந்தரி. 1981-இல் வந்தவள், எனக்கு அடுத்த மேஜை. எல்லோரும் ஆங்கிலத்தில் கிறுக்கும்போது அவள் மட்டும் தமிழில் ஒற்றை எழுத்துப் போடுவாள். நானும் அவளும் தினக்கூலி. 1986-இல் ஒரே ஒரு நிரந்தர வேலை வந்தது. இரண்டு பேரும் விண்ணப்பித்திருந்தோம். எனக்குக் கிடைத்தது. யாரும் அவளைத் தள்ளவில்லை. அவளாகவே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். இதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

அவருக்கும் கட்டுரையில் நன்றி சொல்ல வேண்டும், முகவரி கிடைத்தால் கடிதம் எழுதுகிறேன் என்றார் மேடம். ஆத்தூரில் இருப்பதாகக் கேள்வி. கடிதம் வேண்டாம், ஈஸ்டர் முடிந்து நானே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். மேடத்துக்குச் சந்தோஷம். பழைய சிநேகிதம் என்று நினைத்திருப்பார்.

13 ஏப்ரல், ஞாயிறு

குருத்து ஞாயிறு. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், பொறாமை, நாலு ஞாயிறு பூசை காணாதது என்று வருஷா வருஷம் சொல்கிற பட்டியல். சாமியார் அருள்நிறை மந்திரம் பத்துச் சொல்லச் சொன்னார். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

விரத நாள், வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ரெஜினா கோயிலுக்குப் போய்விட்டாள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். தலைவலி இல்லை.

பேட்டரி இறங்கவில்லை. அதையாவது முதலில் எழுதிவிடுகிறேன். 1986 பிளேட்டைத் தூக்கி விளக்குப் பெட்டியில் வைத்ததுமே மசி தெரிந்தது. ஒரு அம்பு, அதன் பக்கத்தில் '58, நகர்கிறது' என்று ஒரு வரி. 'கு'. 10-3-86. கேமரா என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் பஞ்சை எடுத்தேன். பதினேழு வருஷத்து மசி லேசில் போகவில்லை. மூன்று தடவை ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தேன்.

இனி 1986. புள்ளி ஐம்பத்தெட்டு மைக்ரான் நகர்ந்திருக்கிறது, இது கிட்டத்து நட்சத்திரமாகத்தான் இருக்கும் என்று குணசுந்தரி போய்ச் சேதுமாதவனிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது, ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. இரண்டு பிளேட்டையும் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். கேலக்ஸியின் வெளிச்சம் கலந்திருப்பதால் புதியவர்களுக்கு ஏமாற்றும், நீ ஒரு தடவை பார் என்றார். அப்புறம், நிரந்தர வேலைக்கான ஃபைல் அடுத்த வாரம் சென்னைக்குப் போகிறது என்றார். இரண்டையும் ஒரே மூச்சில்கூடச் சொல்லவில்லை. நடுவில் தண்ணீர் குடித்தார். அவர் என்னை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்கிறேன்.

நான் நாலு நாள் அளந்தேன். ஒரு நாள் அறுபது, ஒரு நாள் அறுபத்திரண்டு, இரண்டு நாள் அறுபத்தொன்று. மெஷின் திருகு புத்தம் புதிது. அந்தத் தை மாதம்தான் மாற்றியிருந்தார்கள். சராசரி அறுபத்தொன்று. எனக்கு நாற்பத்தொரு வயது, பதிமூன்று வருஷமாகத் தினக்கூலி, ரெஜினாவுக்கு அப்போது வேலை கிடையாது. இதையெல்லாம் எழுதினால் காரணம் சொல்வது போல இருக்கிறது. காரணம்தான் சொல்கிறேன். நகர்வு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்தது.

23 ஏப்ரல், புதன்

ஆத்தூர் போய்விட்டு வந்தேன்.

தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். தலை பாதி நரைத்திருக்கிறது, தடித்த கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் "அண்ணா" என்று எழுந்து நின்றாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், எதிர்க் கடையில் டீ சொன்னாள். ரெஜினாவை விசாரித்தாள், ஓய்வு எப்போது என்று கேட்டாள். நான் வீட்டிலிருந்து தயார் செய்துகொண்டு போனது ஒரே வாக்கியம்: பழைய பிளேட்டுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதுகிறார்கள், உன் பெயரை நன்றியில் போடுகிறார்கள். அதைச் சொல்லிவிட்டு நாலரை மணி பஸ்சைப் பிடிப்பதாக இருந்தேன்.

சொல்லி முடித்தேன். எந்தப் பிளேட் என்று கேட்டாள். ஜோடி என்றேன். ரேஷன் கார்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அது நகர்ந்திருக்காண்ணா?"

ஆமாம் என்றேன். எவ்வளவு என்றாள். 1974-லிருந்து இப்போது வரை நூற்று நாற்பத்தாறு என்றேன். வீணாய்ப்போன நகல் ஒன்றை எடுத்து அதன் முதுகில் வகுத்துப் பார்த்தாள். கால்குலேட்டர் பக்கத்திலேயே கிடந்தது, தொடவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு அறுபது வந்தது. அதற்குக் கீழே ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். இரண்டு மைக்ரான்தான் வித்தியாசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம் அது போய்விட்டது.

"அப்ப நீங்களும் அளந்தீங்களேண்ணா. உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?"

ரேஷன் கார்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். திருகு தேய்ந்த கதை நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் அந்தத் திருகை மாற்றிய அன்று அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். எண்ணெய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றதே அவள்தான்.

"அறுபத்தொன்னு" என்றேன்.

அவள் கார்டுக்காரருக்கு நகலைக் கொடுத்து அனுப்பினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பேசினாள். சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்க இல்லேன்னு எழுதினதும் நான் உங்களச் சந்தேகப்படலண்ணா. டைரக்டரைச் சந்தேகப்பட்டேன், மெஷினைச் சந்தேகப்பட்டேன். தனிஸ்லாஸ் அண்ணன் கை தப்பாதுன்னுட்டு என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். சேலத்துக்குப் போயி கண் டாக்டர்கிட்ட காட்டினேன். ஒண்ணுமில்லேன்னாரு. இல்ல சார், நல்லா பாருங்க, எனக்கு இல்லாதது தெரியுதுன்னேன்."

அந்த மாதமே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது அதனால்தானாம். இல்லாததைப் பார்க்கிறவள் அளவைக்கு லாயக்கில்லை என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள். இத்தனை காலம் அவளாகத்தான் போனாள் என்று நான் சொல்லிவந்தது சரிதான்.

ஒரே மகள், கோகிலவாணி. பிளஸ் டூவில் இயற்பியலில் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தாறு வாங்கினாளாம். அதையே மேலே படிக்கிறேன் என்று அழுதிருக்கிறாள். நம் குடும்பத்துக்கு அந்த நிதானம் வராது, பட்டுத் தெரிந்துகொண்டவள் சொல்கிறேன் என்று இவள் பி.காம். சேர்த்துவிட்டாள்.

"வீட்டுக்கு வந்து அவகிட்ட சொல்லுங்கண்ணா. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றாள்.

நாலரை பஸ் போய்விட்டது. ஆறு மணி பஸ்சில் நின்றுகொண்டே வந்தேன்.

25 ஏப்ரல், வெள்ளி

நப்பின்னை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேடு, திருகு, பேட்டரி, பஞ்சு வரைக்கும். என் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குணசுந்தரி பெயரைப் போடுங்கள், 1986-லேயே கண்டுபிடித்தவள் அவள் என்று எழுதுங்கள் என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்படி ஒரு காரியத்தை எத்தனை பேர் செய்வார்கள் என்று மனசின் ஒரு மூலை கேட்டுக்கொண்டிருந்தது.

மேடம் பழைய பதிவேட்டை எடுத்து 1986 பக்கத்தைத் திறந்தார். பிளேட் பத்திரமாக இருக்கிறது, 1986-இல் அது நகர்ந்திருந்தது என்பதை இன்றைக்கும் அளந்து காட்டலாம் என்றார். ஆனால் அதை அன்றைக்கே ஒருவர் பார்த்தார் என்பதற்கு என்ன ஆதாரம்? மசி. அது இல்லை. போட்டோ. அதுவும் இல்லை. பதிவேட்டில் இருப்பது நகர்வு இல்லை என்ற வரி மட்டும். மற்ற இரண்டு பிளேட்டுகளின் போட்டோவில் இருக்கும் அம்பு, கு அளந்தார் என்று காட்டும்; என்ன கண்டார் என்று காட்டாது.

நான் சாட்சி சொல்கிறேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"சார், நீங்க சொல்றது பொய்னா அதை நான் எழுதக் கூடாது. நெசம்னா, நீங்க அளவையில பொய் எழுதுறவர், ஆதாரத்தை அழிக்கிறவர். அப்போ உங்க கையெழுத்தை வெச்சு நான் எதைச் சொல்ல முடியும்?"

நம்பவில்லையா என்று கேட்டேன். நம்புகிறேன், அச்சில் போட முடியாது என்றார். குரல் உயரவே இல்லை. என் பெயரை எடுத்துவிட்டார். நான் இதுவரை அளந்து கொடுத்த எல்லாவற்றையும் வேறு ஒருவரை வைத்துத் திரும்ப அளக்கச் சொல்லி இயக்குநருக்கு எழுத வேண்டியிருக்கும், அதற்காக வருத்தப்படுகிறேன் என்றார். நாற்பத்து நான்கு கட்டுரைகளின் எண்களையும். அவற்றில் ஒன்றில்கூட நான் பொய் எழுதியதில்லை. அதைச் சொல்ல வாய் திறந்தேன். சொல்லி என்ன பிரயோசனம் என்று மூடிக்கொண்டேன்.

போகும்போது என்னை சார் என்றுதான் கூப்பிட்டார். ஆனால் பிளேட் அறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

3 மே, சனி

கட்டுரை போய்விட்டது. ஒரே பெயர். நன்றியில், பழைய பிளேட்டுகளில் குறியிட்டவர் என்று குணசுந்தரிக்கு ஒரு வரி. கண்டவர் என்று இல்லை. எல்லாவற்றையும் சொன்ன பிறகு ரெஜினா என்னிடம் நாலு நாளாகச் சரியாகப் பேசவில்லை. பெயர் போனதற்காக என்று நினைத்தேன். இன்று சாப்பாடு போடும்போது, அந்தப் பொண்ணு குணசுந்தரி கண் டாக்டர்கிட்ட போனாளாமே, என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

11 மே, ஞாயிறு

பூசை முடிந்து நேராக ஆத்தூர் பஸ் ஏறினேன். போகாமல் இருக்க இரண்டரை வாரமாகக் காரணம் தேடினேன், வேலை இருக்கிறது என்று சொல்லவும் முடியவில்லை. சாவியே கையில் இல்லாதவனுக்கு என்ன வேலை.

டிப்போவுக்குப் பின்னால் வீடு. கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எனக்கு நாற்காலி போட்டார்கள். கோகிலவாணிக்கு இருபது வயது. பாங்க் பரீட்சைக்குப் படிக்கிறாள், மடியில் புத்தகம் இருந்தது. அம்மாவின் ஜாடை, நெற்றி மட்டும் அகலம்.

முதலில் கட்டுரையில் பெயர் வராது என்பதைக் குணசுந்தரியிடம் சொன்னேன். ஏன் வராது என்றும் சொன்னேன். மசியைத் துடைத்தது அவளுக்கு அதுவரை தெரியாது. கேட்டுக்கொண்டாள். இரண்டாவது தடவையா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

பிறகு மகளைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மா கண்ணில் ஒரு குறையும் இல்லை, அவள் அளந்தது சரி, நான் அளந்ததும் அதேதான், நான்தான் மாற்றி எழுதினேன், அதை வைத்து எனக்கு வேலை கிடைத்தது, அவளுக்குப் போனது என்றேன். கணவர் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். மகள் அழவில்லை, திட்டவில்லை. நான் சொன்னதை ஒரு கணக்கைப் போலக் கேட்டாள். அளந்தது எத்தனை நாள், தேதி என்ன, வேறு யாராவது பார்த்தார்களா, எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றுக்கும் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவை ஆறுதல்படுத்த வந்த பழைய சிநேகிதர் ஏதோ நல்லதாகச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று அவள் நினைக்கிறாள் என எனக்குத் தோன்றியது. குணசுந்தரியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

"பதினேழு வருஷமா சொல்லாதத இப்ப எதுக்கு சார் வந்து சொல்றீங்க?" என்று மகள் கேட்டாள்.

மனசாட்சி என்று சொல்லலாமா என யோசித்தேன். ஓய்வு பெறப் போகிறேன் என்று சொல்லலாமா என யோசித்தேன். பெரிய வெள்ளிக்கிழமை என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

நப்பின்னை மேடம் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன் என்றேன்.

நான் சொன்னவற்றில் இதை மட்டும் அவர்கள் மூன்று பேரும் உடனே நம்பினார்கள்.